நூற்று நான்கு கிலோ

அத்தியாயம் 6

கிடங்கின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வாயாடி தலையைக் குனிந்து உள்ளே போனான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எல்லாம் ஒரே இருட்டாக இருந்தது. பின்னால் வந்த தராசம்மா வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“என்ன மேடம், ஒட்டடை அடிக்கணுமா?”

“சும்மா பார்த்தேன். நீ நட.”

நடக்கத்தான் அவனுக்குக் கால் வரவில்லை.

தராசம்மா முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை போட்டவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, பொய் எடை போடுகிற மனிதர்களையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். வாயாடி அவருடைய ஒரே உதவியாளன். சம்பளம் துப்பறிவதற்கு, பேச்சு இலவசம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

பத்து நாள் முன்பு, காலை ஏழே காலுக்கு, இந்தக் கிடங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம் கிளம்பியது. எழும்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூக்கைத் தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது, ஆகாயத்தில் ஒரு கணம் தயங்கி நின்றது, பிறகு பக்கவாட்டில் சரிந்து வெங்காய வயலில் விழுந்தது. உள்ளே இருந்தவர் பைலட் ஒருவர்தான். அவர் பிழைக்கவில்லை. பைலட் அளவுக்கு மீறி மூக்கை உயர்த்தினார், அதனால் சரக்கு பின்னுக்குச் சரிந்து விமானம் நிலைகுலைந்தது என்று கம்பெனி இரண்டு வரியில் கடிதம் எழுதிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அந்த இரண்டு வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்துவிட்டால், செத்தவர் தலையில் பழி நிரந்தரமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பைலட்டின் மனைவி அந்தக் கடிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தது மூன்று நாள் முன்பு. அன்றைக்கே வாயாடி சொல்லியிருக்கலாம். ‘மேடம், அந்தக் கிடங்குல நான் மூணு வருஷம் மூட்டை தூக்கியிருக்கேன்.’ ஒரே மூச்சில் முடிகிற வாக்கியம். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லியிருந்தால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இன்று அந்தக் கேள்விக்கு மூன்று நாள் வயது.

வேலை பார்த்ததை மறைத்தது மட்டும் என்றால் பரவாயில்லை. இங்கே ஒரு தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவன் அவன். அதை இவர்கள் மறந்து தொலைத்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

காதில் பேனா சொருகிய ஒல்லியான மனிதர் எதிரே வந்தார். கிடங்கின் சூப்பர்வைசர். தராசம்மாவுக்கு வணக்கம் சொன்னவர், வாயாடியை மேலும் கீழும் பார்த்தார். இந்த இரண்டு வருஷத்தில் சர்க்கரை வியாதி அவன் உடம்பில் இருபத்திரண்டு கிலோவைக் கழித்திருந்தது. மீசையை அவனே கழித்திருந்தான். இருந்தும் சூப்பர்வைசரின் கண் அவன் முகத்திலேயே நின்றது.

“இவர் உங்க அசிஸ்டன்டா? முன்னே பின்னே பார்த்ததில்லையே,” என்று கை கொடுத்தார். கொடுத்த கையை நசுக்கினார்.

“எனக்கும் சந்தோஷம். விரலைத் திருப்பிக் குடுத்துடுங்க, சாப்பிடறதுக்கு வேணும்,” என்றான் வாயாடி. அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. ஆக, இவரும் சொல்லப்போவதில்லை. ஏன் சொல்லப்போவதில்லை என்று யோசிக்க அவன் விரும்பவில்லை.

சரக்குச் சீட்டைச் சூப்பர்வைசர் நீட்டினார். மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. பம்ப் செட் பெட்டிகள் எட்டு, முன்பக்கம். துணி மூட்டைகள், பின்பக்கம்.

“ஆனா வயல்ல வால் பக்கம்தானே எட்டு பெட்டியும் கிடந்துச்சு?” என்றார் தராசம்மா.

“மூக்கைத் தூக்கினா எல்லாம் பின்னாடி வழுக்கிட்டு வராதா மேடம்? அதைத்தானே கம்பெனியும் சொல்லுது.”

மூலையில் மஞ்சள் வண்ணம் அடித்த ஓர் இரும்பு ஸ்டாண்டு நின்றது. இடுப்பு உயரம், மூன்று கால். “இது?” என்றார் தராசம்மா.

“வால் ஸ்டாண்டு. சரக்கு ஏத்தறப்போ பின்பக்கம் கனம் ஜாஸ்தியாகி வால் தரையில உக்காந்துடும். அதுக்கு முட்டுக் குடுக்கறது. ஏத்தி முடிச்சதும் வால் தானா மேலே எழும்பி, நடுவுல ரெண்டு விரல் இடம் விடும். எடுத்துடுவோம்.”

“இடம் விடலேன்னா?”

“பின்பக்கம் கனம்னு அர்த்தம். இறக்கி மறுபடி ஏத்தணும். அதோ, போர்டுலயே போட்டிருக்கே.”

சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: ஸ்டாண்டு ஒரு கையால் வர வேண்டும். வராவிட்டால் விமானம் போகக் கூடாது.

தராசம்மா அதைப் படித்துவிட்டுத் தரைத்தராசின் பக்கம் போனார். பழைய வீட்டுக்குப் போன மாதிரி அதைத் தட்டினார், குனிந்து முத்திரையைப் பார்த்தார், பக்கத்துப் பெட்டியைத் திறந்து, தராசு அச்சடித்துத் தள்ளிய எடைச் சீட்டுச் சுருளை உருவினார். விரல் வேகமாக ஓடியது. பிறகு நிதானித்தது.

“தினம் காலைல முதல் எடை நூத்தி நாலு கிலோ. ஒரு நாள் நூத்தி நாலு, மறுநாளும் நூத்தி நாலு. பத்து நாள் முன்னாடி வரைக்கும். அதுக்கப்புறம் இல்லை.”

“அது தராசைச் சோதிக்கற மணல் மூட்டை மேடம். கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டாச்சு.”

“சோதனைக் கல்லு அம்பது கிலோ பார்த்திருக்கேன், நூறு பார்த்திருக்கேன். முப்பது வருஷம் முத்திரை போட்டவ நான், நூத்தி நாலு கிலோவுல ஒரு கல்லை எங்கேயும் பார்த்ததில்லை.” அவர் சீட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். “என்னப்பா, ஒண்ணும் சொல்லலை?”

“யோசிக்கிறேன் மேடம்.”

“அது உனக்கு ஆகாதே.”

நூற்று நான்கு வாயாடியின் எடை. இதே தராசில் அவனை ஏற்றி நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று சிரித்த எடை. அன்றிலிருந்து இந்தக் கிடங்கில் அவனுக்குப் பெயர் பீப்பா.

அந்தத் தந்திரம் பிறந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காக. அன்று எல்லாம் ஏற்றி முடித்தபின் ஸ்டாண்டு அசையவில்லை. இறக்கி மறுபடி ஏற்றினால் ஒரு மணி நேரம். அவனுக்கோ கண்ணை இருட்டுகிற பசி, டிபன் பாக்ஸ் ஆணியில் தொங்குகிறது. இப்போது செத்துப்போயிருக்கிற அதே பைலட் வேறு லேசில் விடுகிறவர் இல்லை. ஏறுவதற்கு முன் பூட்ஸ் நுனியால் ஸ்டாண்டை ஓர் உதை உதைப்பார், ஆடினால்தான் கையெழுத்து. பீப்பா வலப்பக்க முன் கதவு வழியாகச் சரக்கறைக்குள் ஏறி, பைலட் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற திரைக்கு இந்தப் பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். மூக்கு தாழ்ந்தது, வால் எழும்பியது, ஸ்டாண்டு ஆடியது. பைலட் வந்தார், உதைத்தார், திருப்தியாக இடப்பக்கம் ஏறினார். அவர் கனம் முன்னால் சேர்ந்ததும் ஸ்டாண்டை உருவினார்கள். பீப்பா ஓசைப்படாமல் வலப்பக்கம் இறங்கிக் கதவைச் சாத்தினான். விமானம் போயே போய்விட்டது. அன்று சாப்பாடு அமிர்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு மாதத்துக்கு நாலு தடவையாவது உட்கார்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததே அவர்களுக்குச் சான்றிதழாகிவிட்டது. அவன் வேலையை விட்டுப் போனபின் ஆள் இல்லாத குறைக்கு மூட்டை செய்திருக்கிறார்கள், மணல் சிந்தி ஒரு கிலோ குறைந்துவிடக் கூடாதே என்று தினம் காலையில் நிறுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

* * *

பைலட்டின் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் வரைந்த அட்டைகள். மேஜைக்கு அடியில் மூன்று ஜோடி கறுப்பு பூட்ஸ் வரிசையாக இருந்தன.

“அன்னிக்கு அவர் பூட்ஸ் கறையைப் பத்திச் சொன்னேனே, நீங்க கேட்டீங்கன்னு எடுத்து வெச்சேன். போட்டுட்டுப் போனது தவிர எல்லாம் இதுதான்.”

தராசம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூன்றிலும் இடது பூட்ஸின் நுனியில் மட்டும் மஞ்சள் தீற்றல்.

“அதை எத்தனை தடவை தேய்ச்சிருக்கேன் தெரியுமா?” என்றார் அந்த அம்மாள். “எங்கே போய் இடிச்சுக்கறீங்கன்னு கேட்டா, அதுதான் என் இன்ஷூரன்ஸ்னு சிரிப்பாரு. ஸ்கூட்டரைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கற மனுஷன் மேடம். அவரைப் போய் கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க.”

“ஸ்டாண்டுக்கு அடிச்ச மஞ்சள்,” என்றார் தராசம்மா, வாயாடியிடம் பூட்ஸை நீட்டி. “உதைச்சுப் பார்க்காம அவர் ஏறினதே இல்லை. அப்போ அன்னிக்கும் உதைச்சிருப்பாரு. அன்னிக்கும் அது ஆடியிருக்கு. பெட்டி எட்டும் முதல்லேர்ந்தே வால்ல இருந்திருந்தா அது எப்படி ஆடும்?”

பூட்ஸ் அவன் கையில் கனத்தது. “ஆட்டி வெச்சிருப்பாங்க மேடம்,” என்றான். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

தராசம்மா தலையை மட்டும் ஆட்டினார். “அந்தக் கிடங்கைப் பத்தி வேற ஏதாவது சொல்வாராம்மா?”

“நிறைய சொல்வாரு. முன்னாடி பீப்பான்னு ஒரு ஆள் இருந்தாராம். நல்ல குண்டு. வாயைத் திறந்தா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம். அவர் சொன்ன ஜோக்கை எல்லாம் இங்கே வந்து எங்களுக்குச் சொல்வாரு. பொண்ணுக்கு பீப்பா மாமா கதைன்னா உயிர்.” அந்த அம்மாளின் முகம் பத்து நாளில் முதல்முறையாக லேசாக மலர்ந்த மாதிரி இருந்தது. “அவர் வேலையை விட்டப்போ இவருக்கு ரொம்ப வருத்தம். அப்புறம் அங்கே ஒரு மணல் மூட்டைக்கு அவரோட சட்டையை மாட்டி, மீசை வரைஞ்சு, பீப்பான்னு பேரு வெச்சிருக்காங்கன்னு சொன்னாரு. தினம் அந்த மூட்டைக்கு குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் போவாராம்.”

வாயாடி சாலைக் குறி அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. தன்னை ஏமாற்றுகிற மூட்டைக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “பள்ளிக்கூடத்துல எவனோ சொல்லியிருக்கான், உங்கப்பாதான் விமானத்தைக் கவுத்தாருன்னு. அப்பா தப்பு பண்ணிட்டாராம்மான்னு கேட்டா. கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கறப்போ நான் இல்லேன்னு சொன்னா நம்புவாளா? நாலு நாளா பள்ளிக்கூடம் போகலை.”

வெளியே வந்ததும் தராசம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “மூட்டைக்கு மீசை வரைஞ்சிருக்காங்க. சோதனைக் கல்லுக்கு யாரும் மீசை வரைய மாட்டாங்க. ஒண்ணு, அந்த மூட்டை வேணும். ரெண்டு, அந்த பீப்பா வேணும். நாலு மணிக்குள்ள ரெண்டையும் கண்டுபிடிச்சுட்டு வா.”

“பீப்பா உருண்டு எங்கே போச்சோ மேடம்.”

“உருண்டது எங்கேயாவது நின்னுதானே ஆகணும்,” என்றார் அவர், அவனைப் பார்க்காமலே.

தன்னைத் தானே தேடிப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி உலகத்தில் எவனுக்காவது வேலை கொடுத்திருப்பார்களா என்று வாயாடி யோசித்தான். வேறு யாருக்காவது நடந்திருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஜோக் அடித்திருப்பான்.

* * *

மூட்டையைக் கண்டுபிடிப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. அந்தக் கிடங்கில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கமே கிடையாது. உடைந்த நாற்காலி ஏணியாகும், கிழிந்த தார்ப்பாய் திரையாகும். நூற்று நான்கு கிலோ கனம் வேறு எதற்கு ஆகும் என்று யோசித்துக்கொண்டே வேலியோரம் நடந்தான். பின்வாசலில் காவலாளி பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பலத்த காற்று, குடை மட்டும் ஆடவில்லை.

“காத்துக்கு அசையலையே அண்ணே. அடியில என்ன வெச்சிருக்கீங்க?”

“மணல் மூட்டை தம்பி. இவங்க குப்பைல போடப் பார்த்தாங்க. நான்தான் ரெண்டு பேரை வெச்சு இழுத்துட்டு வந்தேன். அம்சமா உக்காந்துடுச்சு.”

மூட்டை, முகம் தரையைப் பார்க்கக் குப்புறக் கிடந்தது. வாயாடி முழங்காலிட்டுப் புரட்டினான். நீலச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே முக்கோணமாகக் கருகியிருந்தது, ஒருநாள் அவசரத்தில் அவனே இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தீய்த்த இடம். முறுக்கு மீசை. இரண்டு பக்கமும் தூக்குவதற்குப் பிடி வைத்துத் தைத்திருந்தார்கள். முதுகில் குட்டைக் கயிறு, அதன் நுனியில் ஓர் எஃகுக் கொக்கி. விமானத்தின் தரை வளையத்தில் மாட்டுகிற கொக்கி அது. உள்ளே மூட்டை உருண்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

காவலாளி டீ குடிக்கக் கிளம்பினார். அவர் போவதற்காகவே காத்திருந்த மாதிரி சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“என்னடா பீப்பா, நல்லா இளைச்சுட்டே.”

வாயாடி கொக்கியை விடாமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“அன்னிக்குப் பெட்டி எட்டும் கடைசி நிமிஷத்துல வந்துச்சு. மத்தது எல்லாம் ஏத்தியாச்சு. பின்னாடி வெச்சோம். எத்தனை தடவை அப்படிப் போயிருக்கு, உனக்குத் தெரியாதா? இந்தத் தடவைதான் வால் கனத்துல மூக்கு தூக்கிக்கிட்டு…” சூப்பர்வைசர் நிறுத்தினார். அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது, அவரும் பத்து நாளாகத் தூங்கியிருக்கவில்லை. ஆனாலும் பேச்சைத் தொடர்ந்தார். “மூட்டை செஞ்சது நான். வழி காட்டினது யாரு? வாயைத் திறந்தா நாம ரெண்டு பேரும் மாட்டுவோம். செத்தவரை யாரும் எதுவும் பண்ண முடியாது.”

பெட்டி அறுக்கிற கத்தியை நீட்டினார். “வயித்துல ஒரு கீறு. மணல் மணலோட போயிடும், சட்டையை அடுப்புல போட்டுடலாம். பீப்பான்னு ஒரு ஆளே இல்லை.”

வாயாடி கத்தியை வாங்கினான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் பயமாக இருந்தது. மீசை வரைந்த முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

* * *

நாலு மணிக்கு வர வேண்டியவன் நாலரைக்கு அலுவலகம் வந்து சேர்ந்தான். இரண்டு கையிலும் மணல் ஒட்டியிருந்தது. தராசம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பீப்பா கிடைச்சானா?”

“கிடைச்சான் மேடம்.”

“எங்கே?”

“உங்க முன்னாடி நிக்கறான்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வார்த்தைகள் தாமாக வந்தன. டிபன் பாக்ஸ், ஸ்டாண்டு, சப்பணம், வலப்பக்கக் கதவு, எல்லாவற்றையும் கொட்டினான். ஒரு ஜோக்கும் இடையில் வரவில்லை.

“மூட்டை?” என்றார் அவர்.

“கீழே லோடு ஆட்டோல இருக்கு. சட்டை, மீசை, பிடி, கொக்கி, எல்லாத்தோடவும். காவலாளி ஒரு கை பிடிச்சும் ஏத்தறதுக்குள்ள முதுகு போச்சு. கத்தியைக் காவலாளிகிட்ட குடுத்துட்டேன், யாரு எதுக்குக் குடுத்தாங்கன்னும் அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

தராசம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன் வைத்தார். அவர் கையெழுத்து. மேலே மூன்று நாள் முந்தைய தேதி. முதல் வரி: வாயாடி ஒரு நிமிஷம் பேசவில்லை.

“பைலட்டோட சம்சாரம் கடிதத்தை நீட்டி, கிடங்கு பேரைச் சொன்னா. நீ ஒரு நிமிஷம் முழுசா சும்மா இருந்தே. ரெண்டு வருஷத்துல அப்படி நடந்ததே இல்லை. அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் துப்பு.”

இரண்டாவது வரி இன்று காலை எழுதியது. “கிடங்கு வாசல்ல உள்பக்கமா ஒரு இரும்புச் சட்டம் ஓடுது, சரியா உன் நெத்திக்கு நேரா. வெயில்லேர்ந்து போறவன் கண்ணுக்கு அது தெரியாது, புதுசா வர்றவன் நெத்தி புடைச்சிருக்கும். நீ குனிஞ்சே போனே.”

மூன்றாவது வரியைப் படிக்க அவனுக்குத் தேவையிருக்கவில்லை. ‘ஒரு காலத்துல நூத்தி நாலு கிலோ தங்கம் மேடம் நான்’ என்று அவரிடம் எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டவன் அவனேதான்.

“தெரிஞ்சுமா என்னையே என்னைத் தேட அனுப்பினீங்க?”

“நான் கேட்டுச் சொன்னா, நீ கையும் களவுமா மாட்டினவன். நீயா வந்து சொன்னா சாட்சி. நாளைக்குக் குழு முன்னாடி எனக்குச் சாட்சி வேணும்.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “ஒருவேளை நீ வராம போயிருந்தா, நாலே முக்காலுக்கு நானே போலீசுக்குப் போன் பண்ணியிருப்பேன். நம்பரை எழுதி வெச்சிருக்கேன் பாரு.”

எழுதி வைத்திருந்தார்.

“எனக்கு என்ன ஆகும் மேடம்?”

“தெரியாது. பெட்டியைப் பின்னாடி வெச்சது நீ இல்லை, மூட்டை செஞ்சது நீ இல்லை. ஆனா அந்த உதையை ஏமாத்தக் கத்துக் குடுத்தது நீ. அதைக் குறைச்சும் சொல்ல மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். சரியான எடை போட்டுத்தான் சொல்வேன்.” எழுந்து பையை எடுத்துக்கொண்டார். “குழுவுக்கு நாளைக்குச் சொல்லலாம். அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு.”

* * *

டிரைவிங் ஸ்கூல் பெயர்ப்பலகைக்குக் கீழே மாணவர்களின் கடைசி வகுப்பு முடிந்து கார் நின்றிருந்தது. முன்னறையில் பூட்ஸ்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. வாயாடி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான், பைலட்டின் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். பாதியில் தரையைப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை.

அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்தபிறகு குனிந்து பூட்ஸ்களை நேராக அடுக்கி வைத்தார். திட்டியிருந்தால், கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

“அவர் அன்னிக்கும் உதைச்சுப் பார்த்தாரு இல்லை?” என்று கடைசியில் கேட்டார்.

“பார்த்திருப்பாருங்க. அதுல சந்தேகமே இல்லை. பார்க்காம ஏற மாட்டாருன்னு தெரிஞ்சுதானே அவங்க மூட்டையை வெச்சாங்க.”

“அவர் தப்பு பண்ணலை.”

“இல்லைங்க. ஒண்ணுமே பண்ணலை.”

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “நான் உங்களை மன்னிப்பேனான்னு எனக்குத் தெரியலை. அதை இப்ப கேட்காதீங்க. ஆனா இதை நான் சொன்னா என் பொண்ணு நம்ப மாட்டா, அம்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நினைப்பா. நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

உள்ளறைக் கதவைத் தட்டினார். பத்து வயதுப் பெண் வெளியே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் தொப்பியைத் தலையில் வைத்திருந்தாள். அது காதுவரை இறங்கியிருந்தது.

வாயாடி அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தான். “உங்கப்பா தப்பு பண்ணலைம்மா. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாம் சரியாத்தான் பார்த்தாரு. கீழே இருந்தவங்க அவரை ஏமாத்திட்டாங்க. நாளைக்கு ஆபீசருங்க முன்னாடியும் இதைச் சொல்லப்போறேன். பள்ளிக்கூடத்துல யாராவது கேட்டா நீயும் தைரியமா சொல்லு.”

“ஏமாத்தறதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“நான்தான்.”

“நீங்க யாரு?”

“பீப்பா.”

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இரண்டு கன்னத்தையும் வயிற்றையும் மறுபடி பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, “இவர் பொய் சொல்றாரும்மா,” என்றாள். “பீப்பா மாமா குண்டா இருப்பாரு. அப்பாவுக்கு ஃப்ரெண்டு. அவர் இப்படிப் பண்ண மாட்டாரு.”

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வாயாடி எழுந்திருக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் குழு அவனை நம்பிவிடும். மூட்டை இருக்கிறது, சீட்டு இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது. இந்தக் கதவுக்கு முன்னால் காட்ட அவனிடம் எதுவும் இல்லை. தராசம்மா பின்னால் வந்து அவன் தோளில் கை வைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.